சுவரெழுத்தும் நம் தலையெழுத்தும்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்குக் காத்து நிற்பவர் எவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு நூறு சொற்களையாவது படித்துவிடுகிறார். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர், தேநீர்க் கடையின் பலகை, மருந்துக் கடையின் ஒளிப்பெட்டி, மின்கம்பத்தில் கட்டிய தனிப்பயிற்சி அறிவிப்பு, ஆட்டோவின் முதுகில் ஓட்டுநர் எழுதி வைத்த தாயின் பெயர் என்று எழுத்துகள் எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை நோக்கி வருகின்றன. சில மாதங்களுக்கு முன் அவ்விடத்தில் இரண்டு ஃபிளெக்ஸ் பலகைகள் அருகருகே கட்டப்பட்டிருக்கக் கண்டோம். ஒன்று கண்ணீர் அஞ்சலி. மற்றொன்று பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து. இரண்டிலும் ஒரே ஊதா நிறப் பின்னணி. மூலைகளில் ஒரே ரோஜா இதழ்கள். பொன்னிற விளிம்பு கட்டிய ஒரே தடித்த எழுத்து. சொற்களை மறைத்துவிட்டுப் பார்த்தால் எது இழவு, எது மங்கலம் என்று கூற இயலாது.

இதைக் கண்டு நகைத்துவிட்டுக் கடந்து போவது எளிது. படித்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்த்தால் நகைப்பு அடங்கிவிடும். நம் மக்கள் ஒரு நாளில் மிகுதியாகப் படிக்கும் தமிழ் நூல்களிலோ இதழ்களிலோ இருப்பதன்று. பலகைகளிலும் சுவர்களிலும் பொட்டலங்களிலும் அழைப்பிதழ்களிலும் இருப்பது. ஒரு சிறுகதைக்கு ஆசிரியர் உண்டு, திறனாய்வாளர் உண்டு. ஒரு பலகைக்கு இருவரும் இல்லை. எழுத்தின் பொருளை ஆராய நமக்கு இரண்டாயிரம் ஆண்டு மரபு இருக்கிறது. அதன் வடிவை ஆராயும் பழக்கமோ மிகச் சிலரிடம் மட்டுமே இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய வரைகலை வளர்ந்து நிற்கிறது. அதன் குறைகளுக்கு முதற்பொறுப்பு கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனுடையதன்று, தமிழ் கற்ற நம்முடையது என்பதே இங்கு நாம் சொல்ல விழைவது.

வரைகலை என்பது கணினியோடு வந்திறங்கிய அயற்சரக்கு என்று எண்ணுவோர் உளர். நம் எழுத்தின் வரலாறு அதற்கு மாறாகவே பேசுகிறது. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் வகுத்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். எனவே ஏடெழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் கைவிட்டனர். துணைக்காலும் ரகரமும் ஒரே உருவில் நின்றன. கருவியின் இந்தச் சிறு நெருக்கடி உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களை எவ்வளவு பாடுபடுத்தியது என்பதை நாம் அறிவோம். ஒரு சொல்லில் இருப்பது குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று இடம் நோக்கித்தான் அவர்கள் துணிய வேண்டியிருந்தது. கொம்பில் சுழியேற்றி எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் முறையை வீரமாமுனிவர் (1680–1747) வகுத்தார் என்று கூறுவது மரபு. அவர் செய்ததை இன்றைய சொல்லால் குறிப்பதானால் எழுத்து வடிவமைப்பு என்றே குறிக்க வேண்டும்.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது முதல் எழுத்தின் வடிவை உலோகமும் தீர்மானிக்கத் தொடங்கியது. அச்சுக்கோப்போரின் பெட்டியில் எத்தனை அறைகள் இருக்கலாம் என்பது மொழிச் சிக்கலாயிற்று. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டதற்கும், 1978இல் தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டதற்கும் பின்னால் அச்சும் தட்டச்சும் எளிதாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. யானையின் துதிக்கை போல முன்னே வளைந்து நின்ற பழைய லைகாரத்தை நம் பெற்றோர் எழுதினர், நாம் எழுதவில்லை. அதனால் தமிழ் அழிந்துவிடவும் இல்லை. ஆகவே வடிவம் மாறுகிறது என்பதற்காக நாம் அஞ்ச வேண்டியதில்லை. யார் மாற்றுகிறார், எதை அறிந்து மாற்றுகிறார் என்பதே கேள்வி.

வடிவம் நம் வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறது என்பதற்கு ஏட்டுச்சுவடி வரை போக வேண்டுவதில்லை. நம் வீட்டுப் பூசையறைக்குள் சென்றாலே போதும். முருகன் எப்படி இருப்பான் என்று ஒரு குழந்தையைக் கேட்டால், அது கூறும் முகம் சங்கப் பாடலிலிருந்து வந்ததன்று, நாட்காட்டியிலிருந்து வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசியின் அச்சகங்கள் பெருக்கிக் கொடுத்த தெய்வங்களே கடைகளிலும் வீடுகளிலும் நம்மை வாழ்த்துகின்றன.

அரசியலிலும் அப்படியே. 1951–52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளருள் மிகப் பலர் எழுத்தறியாதவர் என்பதால், வேட்பாளரைப் படத்தால் அறியச் செய்ய வேண்டியிருந்தது. அன்று பிறந்த சின்ன முறை இன்றும் தொடர்கிறது. 1973இன் திண்டுக்கல் இடைத்தேர்தலில் களமிறங்கிய இரட்டை இலையை எண்ணிப் பாருங்கள். கரித்துண்டு கிடைத்தால் சிறுவனும் நான்கைந்து கோட்டில் சுவரில் வரைந்துவிடலாம். உதயசூரியனும் அத்தகையதே. இரண்டு மலைகள், ஓர் அரைவட்டம், சில கதிர்கள். தமிழ்நாட்டின் அரைநூற்றாண்டு அரசியலை இந்த இரு கோட்டுருவங்களின் எளிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைக் கண்ட பிறகுதான், தமிழ் எழுத்து ஓர் ஓவியக் கோட்டைப் போல் சொரசொரப்பாகவும் உயிர்ப்பாகவும் இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குப் புலப்பட்டது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, ‘இது வேறுவகை எழுத்து’ என்று அட்டை நமக்கு அறிவித்தது. நவீன இலக்கியம் தனக்கென ஒரு தோற்றத்தைத் தேடிக்கொண்டதில் அந்தக் கைக்குப் பங்குண்டு. ஆனால் நம் திறனாய்வு நூல்களில் உள்ளடக்கத்துக்கு நூறு பக்கம் இருந்தால் அட்டைக்கு அரைப் பக்கம்கூட இருப்பது அரிது.

மீண்டும் அம்பத்தூருக்கு வருவோம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையும் 1964இல் உருவான தொழிற்பேட்டையும் இவ்வூரை ஆலைகளின் ஊராக்கின. பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் முளைத்தன. கடைசல் பட்டறை, முலாம் பூசும் கூடம், அச்சு வார்ப்பகம், அவற்றின் தொழிலாளர்க்கு உணவகம், முடிதிருத்தகம், வாடகைச் சைக்கிள் கடை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வேண்டியிருந்தது. தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுதப்பட்ட அப்பலகைகளின் மிச்சங்களைத் தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் இன்றும் காணலாம். வெயிலில் வெளிறியும் துருவேறியும் இருந்தாலும் தூரத்திலிருந்து படிக்க முடிகிறது.

அத்தகைய பலகைகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய பெரியவர் ஒருவரை அறிவோம். பதினாறு வயதில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்து, முதல் ஓராண்டு தூரிகை கழுவவும் தகரம் தேய்க்கவும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவர். இப்போது எப்போதாவது வண்டி எண் எழுதுகிறார். தேர்தல் வந்தால் சுவர். அவரிடம் ஒருமுறை, “ஆங்கில எழுத்து எளிதா, தமிழ் எழுத்து எளிதா ஐயா?” என்று கேட்டோம்.

“இங்கிலீசு பெரிய எழுத்து எல்லாம் ஒரே உசரம் சார். மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு போட்டா நடுவுல அடங்கி நிக்கும். தமிழு அடங்காது. ‘கி’ தலையத் தூக்கும், ‘கு’ கால நீட்டும். ‘ட’ சின்னப் புள்ள, மூலையில ஒக்காந்துக்கும். ‘ணை’ வந்தா குடும்பத்தோட வந்து பாதிப் பலகைய எடுத்துக்கும். ஒவ்வொருத்தருக்கும் எடம் பாத்து ஒக்கார வெக்கணும், பந்தியில ஒக்கார வெக்கிற மாதிரி.”

எழுத்து வடிவமைப்பின் அடிப்படைப் பாடம் இதில் அடங்கிவிட்டது. மேலும் கீழும் நீளும் உறுப்புகள் தமிழில் மிகுதி. எனவே ஒரே உயரமுள்ள பட்டையில் ஆங்கிலத்தையும் தமிழையும் அடைத்தால் தமிழின் உடல் சுருங்கி, எழுத்து சிறியதாகத் தோன்றும். அதை ஈடுசெய்ய வேண்டுமானால் கொம்பும் காலும் வாலும் எவ்வளவு குறையலாம் என்பது எழுதுபவரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைப்பலகைகளில் தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது இம்மாநிலத்தின் விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் விதி அளவைப் பேசுகிறது, வடிவைப் பேசவில்லை. இதன் விளைவாக ‘ஃபேன்சி ஸ்டோர்’ என்பதைத் தமிழ் எழுத்தில் இழுத்து நீட்டி ஐந்து பங்காக்கிவிட்டால் சட்டம் நிறைவடைந்துவிடுகிறது. மொழியும் நிறைவடையவில்லை, எழுத்தும் நிறைவடையவில்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் வந்தது. சதுர அடிக் கணக்கில் விலை. சில மணி நேரத்தில் கையில் பலகை. தூரிகைக்காரர் மூன்று நாள் கேட்ட இடத்தில் இயந்திரம் மூன்று மணி நேரம் கேட்டது. சினிமா பேனர் ஓவியர்கள் முதலில் வேலையிழந்தனர். பலகை எழுதுவோர் அடுத்து. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கணினி, கோரல் டிரா, போட்டோஷாப், சில நூறு எழுத்துருக்கள், முன்பு செய்த பலகைகளின் கோப்புகள். இதுவே புதிய பட்டறை. அங்கே ஒருவர் பெயரை நீக்கி இன்னொருவர் பெயரை இட்டால் புதிய பலகை ஆயிற்று. இடம் போதவில்லை என்றால் எழுத்தை மேலிருந்து அமுக்கலாம்; இடம் மிகுந்தால் பக்கவாட்டில் இழுக்கலாம். பந்தியில் இடம் பார்த்து அமர்த்திய கை அங்கில்லை. கோடு சில இடத்தில் தடித்துச் சில இடத்தில் மெலிந்து, எழுத்து நோயாளியைப் போலாகிறது. அதை மறைக்க நிழல், விளிம்பு, மினுக்கம்.

இத்துடன் நிறுத்தினால் இது வழக்கமான ஒப்பாரியாகிவிடும். ஃபிளெக்ஸ் மட்டும் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் சாலையோரத்தில் பேருருவாக நின்றவர்கள் இரு சாராரே. ஒருவர் நடிகர், மற்றவர் தலைவர். தொழிற்பேட்டையில் சுமை தூக்கும் ஒருவரின் மகள், தன் தெருமுனையில் பத்தடி உயரத்தில் சிரித்து நிற்பது தமிழ்ச் சமூக வரலாற்றில் அதற்கு முன் நடவாதது. அந்த மகிழ்ச்சியை ‘ரசனைக் குறைவு’ என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. இதை நமக்கு உணர்த்தியவரும் அந்தப் பெரியவரே. ஃபிளெக்ஸைப் பற்றி அவர் கசந்து பேசுவார் என்று எதிர்பார்த்துக் கேட்டபோது அவர் சிரித்தார். “பேத்தி சடங்குக்கு நானே ஃபிளெக்ஸுதான் வெச்சேன் சார். எனக்கு எழுத்துதான வரும்? அவ மூஞ்சி வராதே” என்றார்.

அந்த மகிழ்ச்சிக்கு நேர் எதிரே ஒரு மரணம் நிற்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், சாலை நடுவில் கட்டியிருந்த திருமண வரவேற்புப் பலகை சரிந்து விழுந்ததில், இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் நிலைதடுமாறி வீழ்ந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். சென்னை உயர்நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கட்சிகள் தம் தொண்டர்களைப் பலகை வைக்க வேண்டாமென்று அறிவுறுத்தின. சில காலம் சாலைகள் வெறிச்சிட்டன. பிறகு பலகைகள் மெல்லத் திரும்பின. ஏன் திரும்பின என்று யோசித்தால், நம் ஊர்களில் பலகை வெறும் செய்தியாக இல்லை, அந்தஸ்தாக இருக்கிறது என்பது புலப்படும். யார் முகம் பெரிது, யார் முகம் சிறிது, யார் மேலே, யார் கீழ் வரிசையில் தபால்தலை அளவில் என்பதை முடிவு செய்யாமல் எந்த ஃபிளெக்ஸும் அச்சாவதில்லை. தலைவரின் முகம் வானத்தில் சூரியன் இருக்கும் இடத்தில் இருக்கும். உறவு முறையும் சாதிப் படிநிலையும் பதவி வரிசையும் படமாக வரையப்பட்டு நாற்சந்தியில் தொங்குகின்றன. பலகையைக் கழற்றிய பின்னும் அந்த வரிசை கண்ணில் தங்கிவிடுகிறது. வடிவமைப்பு அன்றாடப் பண்பாட்டை ஆள்கிறது என்று நாம் கூறுவது இதைத்தான்.

இவ்வளவும் எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய தமிழ்த்துறையின் முத்தமிழ் விழாவுக்கு ஒரு ஃபிளெக்ஸ் செய்தோம். மாதிரி கைப்பேசிக்கு வந்தது. “சரியா பாத்துச் சொல்லுங்க சார், அடிச்சிட்டா மாத்த முடியாது” என்றான் கடைக்காரத் தம்பி. தமிழில் முதுகலை முடித்த மூவர் அதைக் கூடிப் பார்த்தோம். சிறப்பு விருந்தினரின் படம் தெளிவாக இருக்கிறதா, பட்டங்கள் விடுபடாமல் இருக்கின்றனவா, முதல்வரின் பெயருக்கு மேல் வேறு பெயர் வந்துவிடவில்லையே என்று கவனித்தோம். சரி என்றோம். விழா நாளில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மெல்ல வந்து, “ஐயா, ‘விழாவிற்க்கு’ன்னு இருக்குதே” என்றாள். வல்லின றகர மெய்க்குப் பின் இன்னொரு வல்லின மெய் வராது என்பதை அந்தப் பருவத்தில்தான் அவ்வகுப்பில் நடத்தியிருந்தோம்! எட்டடி அகலத்தில், நம் துறையின் பெயருக்கு மேலேயே, அது நாள் முழுதும் தொங்கியது.

மறுநாள் கடைக்குச் சென்று கேட்டோம். தம்பி கோப்பைத் திறந்து காட்டினான். போன ஆண்டு ஏதோ ஒரு கோவில் திருவிழாவுக்குச் செய்த பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்திருந்தான். அந்தப் பலகைக்கு முன் ஒரு திருமணம்; அதற்கு முன் ஒரு கட்சிக் கூட்டம். “இது தப்புன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல சார்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஏடு பெயர்த்து எழுதுவோரின் பிழை தலைமுறை தலைமுறையாகச் சுவடிகளில் பரவியதைப் பாடபேதம் என்று நாம் ஆராய்கிறோம். அதே நிகழ்வு நம் தெருவில், ஒரு கணினிக் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு, வாரந்தோறும் நடக்கிறது. அங்கே பதிப்பாசிரியர் இல்லை. நாம் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

வடிவத்தைப் பற்றிப் பேச நமக்குச் சொற்களே பழக்கத்தில் இல்லை என்பதை 2025 மார்ச்சில் நடந்த ஒரு விவாதமும் காட்டியது. தமிழக அரசின் நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்து இடம்பெற்றது. நாடெங்கும் வாதம் எழுந்தது. மத்திய அரசு 2010இல் ஏற்ற அந்தக் குறியீட்டை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழ்நாட்டவர் என்பது பலமுறை நினைவூட்டப்பட்டது. அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருள் தமிழ் எழுத்து வடிவமைப்பு என்பதோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. அக்குறியீடு தேவநாகரி ரகரத்தையும் உரோமன் ஆர் எழுத்தையும் இணைத்தது. புதிய இலச்சினை தமிழ் ரூகாரத்தைத் தனித்து நிறுத்தியது. இரண்டும் வடிவங்கள். அரசியல் பேசியோரைக் குறை கூறவில்லை. அரசியல் அதில் இருந்தது. ஆனால் ஊகாரக் குறி ரகரத்தோடு பிணைந்து எழும் அந்த வளைவு எப்படி வரையப்பட்டிருக்கிறது, சிறிதாக்கினால் படிக்க முடியுமா, எண்ணுக்கு அருகே நின்றால் பொருந்துமா என்று தமிழாசிரியர் எவரேனும் பேசக் கேட்டோமா? நாமும் பேசவில்லை.

பலகைக்காகப் போராடிய வரலாறு நமக்கு உண்டு. 1953இல் டால்மியாபுரம் ரயில் நிலையத்தின் பெயர் கல்லக்குடி என்றாக வேண்டுமென்று தண்டவாளத்தில் படுத்தவர்கள் உண்டு. ஒரு நிலையப் பலகையின் சொல் ஒரு மக்களின் மானம் என்று அவர்கள் அறிந்திருந்தனர். அந்தப் போராட்டம் சொல்லை மீட்டது. மீட்ட சொல் எந்த உருவில் நிற்க வேண்டும் என்பது அடுத்த தலைமுறையின் வேலையாக இருந்தது. அதை நாம் செய்யவில்லை. லண்டன் மாநகரின் சுரங்க ரயிலுக்கென எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக்கலைஞர் வடிவமைத்த எழுத்து 1916இல் பயன்பாட்டுக்கு வந்தது. சிறு மாற்றங்களுடன் இன்றும் அந்நகரின் முகமாக அதுவே நிற்கிறது. ஒரு பொது நிறுவனம் எழுத்தைக் குடிநீரைப் போலப் பொதுப்பொருளாகக் கருதினால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. நம் மாநகராட்சியின் தெருப்பெயர்ப் பலகைகளுக்கு, 2011இல் அம்மாநகராட்சியோடு இணைந்த நம் அம்பத்தூரின் தெருக்கள் உட்பட, தமிழறிந்த ஒரு கலைஞர் எழுதிய ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்பது பேராசையா?

கருவிகள் இல்லை என்று இனிமேல் சொல்ல இயலாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் வழி காட்டியது. அதன் பின் ஒருங்குறி பரவலாயிற்று. இன்று கேட்டமரன், முக்த மலர், நோட்டோ போன்ற தேர்ந்த தமிழ் எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை வரைந்தவர்கள் சுழியையும் கொம்பையும் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர்கள். ஆயினும் ஃபிளெக்ஸ் கடைகளில் பழைய குறியீட்டு எழுத்துருக்களே இன்னும் ஆட்சி செய்கின்றன. நல்ல எழுத்துரு இருக்கிறது என்று அத்தம்பிகளுக்குச் சொல்வார் இல்லை.

இதற்கு அரசை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. தமிழ்த்துறைகள் தாமே தொடங்கக்கூடியவை சில உண்டு. இளங்கலைப் பாடத்திட்டத்தில் கல்வெட்டியல் இருக்கிறது; அதன் கடைசி அலகாக இன்றைய தெருவெழுத்தையும் சேர்க்கலாம். தமிழியிலிருந்து வட்டெழுத்து வரை மாணவரை அழைத்துச் செல்லும் நாம், வட்டெழுத்திலிருந்து வாசல் வரை அழைத்துவரத் தவறுகிறோம். மாணவர்கள் தம் தெருப் பலகைகளைப் படமெடுத்து, சொல்லையும் பிழையையும் வடிவையும் பதிந்து வந்தால் அதுவே நல்ல களஆய்வாகும். கல்லூரியைச் சுற்றியுள்ள வரைகலைக் கடைகளுக்குத் துறை சார்பில் மெய்ப்புத் திருத்தித் தரலாம். கைப்பேசிக்கு வரும் மாதிரியைப் பார்த்து விடையளிக்க ஐந்து நிமிடம் போதும். இது தொண்டு என்ற மிதப்பு வேண்டாம். நெடுநாள் செலுத்தாத கடன்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “மக்களுக்குச் சோற்றுக் கவலை; நீங்கள் சுழிக் கவலை பேசுகிறீர்களே” என்றார். எளிய மக்கள்தாம் இப்பலகைகளுக்குக் கூலியிலிருந்து பணம் தருகிறார்கள். இறந்த தந்தைக்கு ஓர் அஞ்சலிப் பலகை வைக்க வட்டிக்குக் கடன் வாங்கியவரையும் அறிவோம். அவருக்குக் கிடைத்தது, யாருக்கோ செய்த வாழ்த்தின் எஞ்சிய ரோஜா இதழ்கள். தம் துயரத்துக்கெனத் தனி உரு ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. சோறு போலவே அதுவும் அவருக்கு உரியது.

அந்த விழாவுக்கு அடுத்த ஆண்டு, கைப்பேசியை நம்பாமல், கடைக்கே சென்று தம்பியின் அருகில் ஒரு முக்காலி போட்டு அமர்ந்தோம். ஒற்றுகளைத் திருத்தினோம். தலைப்பில் ‘கூடல்’ என்ற சொல் இருந்தது. ‘கூ’வின் வால் கீழே இருந்த வரியின் மேல் இடித்தது. தம்பி அதைச் சுட்டியால் பிடித்துக்கொண்டு, “சார், இத எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம்? எதுக்கு மேல குறைச்சா ‘கூ’ன்னு படிக்க வராது?” என்று கேட்டான். புணர்ச்சிக்கு எத்தனை விதி வேண்டுமானாலும் சொல்லியிருப்போம். இதற்கு நம்மிடம் விடை இல்லை. விடை தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளி, ஒரு லாரியின் பின்கதவில் எண் எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். வீட்டு அடையாளம் சொல்லி, “அந்தப் பெரியவரைப் போய்க் கேள் தம்பி, நாமும் வருகிறோம்” என்று எழுந்தோம்.